நாலாவது சுற்றில் சரியும் மண்

என் வேலை காதால் செய்கிற வேலை. சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரியை ஏற்றிக்கொண்டு போகும் பெல்ட்டின் ஓரமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். பெல்ட்டுக்கு அடியில் ஆயிரக்கணக்கில் ரோலர்கள் சுழல்கின்றன. நன்றாக இருக்கும் ரோலர் ஒரே சீராக உறுமும். பேரிங் தேய ஆரம்பித்தால் முதலில் லேசாக முனகும், பிறகு கீச்சிடும், அதன் பிறகு கரகரக்கும். முனகும்போதே கண்டுபிடித்து, பக்கத்து இரும்புச் சட்டத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட வேண்டும். பெல்ட் நிற்கும் நேரத்தில் வேறு ஆட்கள் வந்து, குறியைப் பார்த்து, ரோலரை மாற்றுவார்கள். குறி போடுவதோடு என் பொறுப்பு முடிந்தது. யாரிடமும் எதுவும் பேச வேண்டியதில்லை. பத்தாவது வரை படித்த, நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிற எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறு இல்லை. இருபது வருடத்துக்கு மேல் கான்ட்ராக்டில் இதையே செய்துவருகிறேன்.

வடக்குத்து கிராமத்தில் நாங்கள் கட்டிய வீட்டின் மாடிக்குப் போன வருடம் ஒரு டீச்சரும் அவர் கணவரும் குடிவந்தார்கள். டீச்சருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சுரங்க டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறார். கணவர் வடலூரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். சாமான் இறக்கிய அன்று, கட்டில் பீரோவுக்கு முன்னால் ஒரு டிரம்ஸ் செட்டும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு கீபோர்டுகளும் மேலே போயின. அடுத்த வாரம் கட்டுக்கட்டாக முட்டை அட்டைகள் போயின.

"கோழிப் பண்ண வக்கப் போறாங்களா இன்னாங்க?" என்றாள் என் மனைவி.

சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரில் ஒட்டுவதற்காம். மறுநாள் அவளே விசாரித்துவந்து சொன்னாள். மாடியில் இருப்பவர்களிடம் போவது, பேசுவது எல்லாம் அவள்தான். அவர்கள் வந்த பிறகு நான் அந்தப் படியில் ஏறியதில்லை. என் வீட்டுப் படிதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் முதுகில் கிடாரோடு பைக்கில் வருவார். டீச்சர் கீபோர்டில், கணவர் டிரம்ஸில் என மூன்று பேரும் வாசிக்க ஆரம்பிப்பார்கள். முட்டை அட்டை எவ்வளவு சத்தத்தைத் தடுத்ததோ தெரியாது, எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டுகள் ஷெல்ஃபில் கிணுகிணுத்தன.

"மேல ஓடுறது பாட்டா, போர் மோட்டாரா?" என்று அவள் கூரையைப் பார்த்துக் கேட்டாள்.

எனக்கும் முதல் நாள் அது பாட்டாகத் தெரியவில்லை. சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்தவன் நான். பாட்டு என்றால் பல்லவி வரும், சரணம் வரும், மறுபடியும் பல்லவி வந்து நம்மைப் பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடும். இதில் பல்லவியே திரும்பி வரவில்லை. ஒரு மெட்டு தொடங்கும், பழகுவதற்குள் அது வேறொன்றாக மாறும், மாறியது இன்னொன்றில் போய் விழும். பத்து நிமிடமாகியும் யாரும் வாய் திறந்து பாடவில்லை. பெரிய சத்தம் திடீரென்று அடங்கிப் புல்லாங்குழல் போல ஒரு சன்னமான ஒலி மட்டும் கீபோர்டிலிருந்து வரும். அந்த அமைதியில்தான் தட்டுகளும் அடங்கும்.

இரண்டாவது ஞாயிறு, துணி காயவைத்த கம்பியைச் சரிசெய்யும் சாக்கில் மாடிப்படிக்குக் கீழே நின்றேன். கிடார் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தது. காலால் எண்ணிப் பார்த்தேன். ஏழு அடி. எட்டு இல்லை, ஏழு. டிரம்ஸோ அதைப் பற்றிக் கவலைப்படாமல் நாலு நாலாகப் போய்க்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி விலகி ஓடுகின்றன. இது எங்கே போய் முட்டும் என்று நான் நினைக்கும்போதே, கிடாரின் முதல் அடியும் டிரம்ஸின் முதல் அடியும் டப்பென்று ஒரே இடத்தில் விழுந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த சங்கதி. ஒவ்வொரு பெல்ட்டிலும் முனைகளைச் சேர்த்த ஒட்டு இருக்கும். அந்த ஒட்டு நம்மைத் தாண்டும்போது டப்பென்று ஒரு சத்தம் வரும். இரண்டு பெல்ட்டுகள் சந்திக்கிற இடத்தில் நின்றால், நீளமான பெல்ட்டின் ஒட்டு ஒரு கணக்கில் டப் என்னும், குட்டையான பெல்ட்டின் ஒட்டு இன்னொரு கணக்கில் டப் என்னும். எப்போதாவது ஒருமுறை இரண்டும் சேர்ந்து விழும். அந்த ஒரு டப்புக்காக நான் டிபன் பாக்ஸோடு அங்கே நின்றிருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்ன நினைப்பார்கள்? அதை மாடியில் மூன்று பேர் வேண்டுமென்றே செய்துகொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு ஞாயிறு மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சீக்கிரம் கைகழுவிவிட்டு, ஆறாவது படியில் போய் உட்கார்ந்துவிடுவேன். அதற்கு மேல் ஏற மாட்டேன்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்கூட நீங்க பேசுனத எல்லாம் வரிசையா வச்சாக்கூட அந்தப் பாட்டு நீளம் வராது. அத மட்டும் எப்பிடிங்க குந்திகினு கேக்குறீங்க?" என்பாள் அவள்.

அந்தப் படியில்தான் ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். கிடாரின் ஏழு அடியை ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு சுற்று முடிந்தால் இருபத்தெட்டு அடி. டிரம்ஸின் நாலுக்கு ஏழு தடவை. அங்கே இரண்டும் சேர வேண்டும். அந்த நீண்ட பாட்டின் நடுப்பகுதியில் மட்டும் அப்படிச் சேரவில்லை. உற்றுக் கேட்டால், ஒரு சுற்றில் ஏழுக்குப் பதில் ஐந்து அடிதான் விழுகிறது. இரண்டு அடியைக் காணோம். ரோலர் போய்விட்டது என்றுதான் எனக்குப் பட்டது.

கை சும்மா இருக்குமா? சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் கிடக்கும். படியோரச் சுவர் சிமெண்டோடு நிற்கிறது, இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. சரியான சுற்றுக்கு ஒரு கோடு, குறைகிற சுற்றுக்கு ஒரு பெருக்கல். நாலு சுற்றுக்கு ஒரு வரிசை. வரிசைக்குக் கீழே வரிசை. ஆனால் ரோலர் ஒரே இடத்தில் இருக்கும், இந்தத் தப்போ ஊர்ந்துகொண்டே இருந்தது. ஒரு வரிசையில் நாலாவது சுற்றில் வரும், அடுத்ததில் மூன்றாவதில் வரும், அடுத்த ஞாயிறு வேறு எங்கோ வரும். ஐந்து ஞாயிறு எழுதிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, டீச்சர் பள்ளிக்கூடப் பையோடு படியில் நின்று அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் கணக்கு என்று நினைத்துவிட்டுப் போய்விட மாட்டாரா என்று வேண்டிக்கொண்டேன். அவர் போகவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரிசையாக இறங்கினார். பிறகு மேலே பார்த்துக் கணவரைக் கூப்பிட்டார்.

"இங்க வாங்க. நம்ம பரிச்சப் பேப்பர யாரோ திருத்தி வச்சிருக்காங்க."

கணவர் இறங்கிவந்து பார்த்தார். "அஞ்சு வாரம் இருக்கா? அட, நாலு வாரம் சொதப்பியிருக்கோம்."

"இந்த ஒரு வாரந்தான் சரி. பாருங்க."

என் மனைவி எட்டிப் பார்த்து, "எங்க வூட்டுக்காரர்தாங்க. செவுத்த அசிங்கம் பண்ணிட்டாரு. தொடச்சிடறேன்," என்றாள்.

"ஐயோ, தொடச்சிடாதீங்கக்கா," என்று டீச்சர் இரண்டு கையையும் நீட்டிச் சுவரை மறைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணா, நீங்க மியூசிக் படிச்சிருக்கீங்களா?" என்றார்.

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "இல்லிங்க. தப்பு வர்ற எடத்துல குறி போட்டேன். பழக்கம்," என்றேன்.

"அது தப்பு இல்லண்ணா. வேணும்னே வச்சது. நீங்க சரியா எழுதியிருக்கிற இந்த வாரத்த கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க."

தள்ளி நின்று பார்த்தேன். முதல் வரிசையில் பெருக்கல் குறி நாலாவது இடத்தில். அடுத்ததில் மூன்றாவது. அடுத்ததில் இரண்டாவது. கடைசியில் முதல் இடம். நாலு குறிகளும் சேர்ந்து ஒரு சரிவாக இறங்கின. நானே போட்டது, எனக்கே அதுவரை கண்ணில் படவில்லை.

"அங்க சுரங்கத்துல மண்ணு சரியுது," என்றார் டீச்சர். "மொதல்ல கொஞ்சம் நின்னு சரியும். அப்புறம் அவசரம் அவசரமா சரியும்."

அவர்கள் குடிவந்த பிறகு அன்றுதான் நான் என் வீட்டு மாடிக்கு முதல்முறையாகப் போனேன். முட்டை அட்டைச் சுவர்களுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். இந்த மாதிரி இசைக்கு புரோகிரசிவ் ராக் என்று பெயர் என்றார் டீச்சர். வெளிநாட்டில் ஐம்பது வருடத்துக்கு முன்பே இருந்ததாம். ஒரு பாட்டு ஒரு மணி நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்டாலும் கேட்பவர்கள் பொறுமையாக உட்கார்ந்திருப்பார்களாம். அவர்கள் செய்துகொண்டிருக்கும் ஆல்பத்துக்குப் பெயர் 'பழுப்பு'. மொத்தம் நாலு பாட்டு. கோடிக்கணக்கான வருடத்துக்கு முந்தைய ஒரு காடுதான் கதை. காடு நிற்கிறது, புதைகிறது, கரியாகிறது, தோண்டப்படுகிறது, எரிகிறது, யாருடைய வீட்டிலோ விளக்காக வெளிச்சம் தருகிறது. பாட்டுகளில் வார்த்தை கொஞ்சம்தான். கடைசிப் பாட்டில் அந்த மரம் பேசுகிற மாதிரி ஒன்பது வரிகள்.

அந்தக் கரியை இருபது வருடமாகப் பெல்ட்டில் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். சில துண்டுகளில் மரத்தின் நார் அப்படியே தெரியும். ஒருநாளும் அதை வைத்து ஒரு பாட்டு போடலாம் என்று தோன்றியதில்லை.

முடிந்திருந்த மூன்று பாட்டுகளையும் டீச்சர் என் போனில் ஏற்றிக் கொடுத்தார். வேலை நேரத்தில் காதை அடைக்கக் கூடாது, அதனால் ஷிப்ட் பஸ்ஸில் கேட்டேன். முதல் பாட்டில் கீபோர்டு ஒரு பெரிய கூட்டம் வாயை மூடிக்கொண்டு ஹம் செய்வது போலத் தொடங்கும். அதற்குள்ளிருந்து கிடார் ஒரு துளிர் மாதிரி வரும். அந்தக் கிடார் மெட்டையே இரண்டாவது பாட்டில் மிக மெதுவாக, அடித்தொண்டையில், கீபோர்டு வாசிக்கும். காடு புதைந்துவிட்டது, ஆனால் அதே காடுதான். இதைக் கண்டுபிடித்த அன்று பக்கத்து சீட்டில் இருந்தவரின் தொடையைத் தட்டிவிட்டேன். அவர் என் முகத்தையும் போனையும் பார்த்துவிட்டு, "மேட்ச் யாருப்பா ஜெயிச்சது?" என்றார்.

மூன்றாவது பாட்டைப் பற்றித்தான் சிக்கல் வந்தது. அது நன்றாக இருப்பதாக நான் தலையாட்டியதும் டீச்சர், "அண்ணா, அதுல எங்கியாவது உங்க குறி போடுவீங்களா?" என்று கேட்டார். மறுபடி போட்டுக் காட்டினார். ஓடும்போது நான் இரண்டு இடத்தில் விரலைத் தூக்கினேன். அவர் கணவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். மூன்று நாள் தனித்தனியாக வாசித்ததைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டியிருந்தார்களாம். அந்த இரண்டு இடமும் ஒட்டு.

"நான் சொன்னேன்ல?" என்றார் டீச்சர் கணவரிடம். "ஒட்டுனா கேக்கும்."

"ஒட்டத்தான் வேணும்மா. நாலாவது பாட்ட முழுசா ஒரு தரம் வாசிச்சு முடிச்சிருக்கோமா இதுவரைக்கும்?"

நாலாவது பாட்டுதான் அந்த நீண்ட பாட்டு. காட்டின் கதை முழுதும் அதில் மறுபடி வரும். இருபத்திரண்டு நிமிடம். மண் சரிகிற பகுதி அதன் நடுவில் வருகிறது. அதை ஒரே மூச்சில் வாசித்துப் பதிவுசெய்ய வேண்டும் என்பதில் டீச்சர் பிடிவாதமாக இருந்தார். ஒரு காடு வெளிச்சமாகிற வரைக்கும் நடுவில் நிற்கக் கூடாது, அதுதான் இந்த ஆல்பமே என்றார். பள்ளி நேரம் போக, நாலு வருடமாக அதை எழுதியிருக்கிறார். கம்ப்யூட்டரைத் தாளம் தட்டவிட்டு வாசித்துப் பார்த்தார்களாம். கடைசிப் பகுதியில் வேகம் மெல்ல மெல்லக் குறைய வேண்டும், இயந்திரத் தாளத்தில் அது செத்த பிணம் போல வந்ததாம்.

அப்போதுதான் கிடார்காரருக்கு ஒடிசாவுக்கு மாற்றல் வந்தது. இரண்டு வாரத்தில் சேர வேண்டும். அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அன்று மாலை ஐந்தே முக்காலுக்கு வடலூரில் சென்னை பஸ் ஏறி, இரவு ரயிலைப் பிடிக்க வேண்டும். அதற்குள் பாட்டு முழுதாக வந்தால் வந்தது. இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட பாட்டு, அல்லது மூன்று பாட்டோடு ஆல்பம்.

"நீங்க வந்து உக்காருங்கண்ணா. குறி மட்டும் போடுங்க. பேச வேணாம்," என்றார் டீச்சர்.

அந்த ஞாயிறு எனக்கு முதல் ஷிப்ட். என்னோடு வேலை செய்பவரிடம் மாற்றிக் கேட்டேன். நான் வாய் திறந்து கேட்டதே அவருக்கு ஆச்சரியம்.

"இன்னா விசேஷம்? பொண்ணு பாக்க வராங்களா?"

"இல்ல. வூட்ல பாட்டு எடுக்குறாங்க."

"நீயா பாடப் போற?"

"கேக்கப் போறேன்."

அவர், "கேக்கறதுக்கு ஷிப்ட் மாத்தற மொத ஆளு நீதாய்யா," என்றார். ஆனாலும் மாற்றிக்கொண்டார்.

ஞாயிறு பகல் ஒரு மணிக்கே மேலே போய்விட்டேன். மூலையில் ஒரு முக்காலி, கையில் நோட்டும் பென்சிலும். சாக்பீஸ் சத்தம் மைக்கில் விழும் என்று பென்சில். மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் நாலு பேரும் வியர்வையில் நனைந்துவிட்டோம்.

முதல் தடவை எட்டாவது நிமிடத்தில் டிரம்ஸ் குச்சி கையைவிட்டுப் பறந்தது. இரண்டாவது தடவை எல்லாம் அருமையாகப் போய், காடு புதைந்து, மண் சரியத் தொடங்கும்போது, தெருவில் வெங்காய வண்டியின் ஒலிபெருக்கி முழங்கிக்கொண்டு நுழைந்தது. டீச்சர் கீபோர்டில் தலையைக் கவிழ்த்தார். படியில் தடதடவென்று சத்தம். கீழே என் மனைவியின் குரல் கேட்டது.

"யோவ், நிறுத்துய்யா வண்டிய. மேல ரெக்கார்டிங் நடந்துகினு இருக்குது. நாலு கிலோ நானே வாங்கிக்கிறேன், அந்தப் பக்கமா போ."

பிறகு அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கே போய் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு பைக்கும் ஹாரன் அடிக்கவில்லை.

மூன்றாவது தடவை தொடங்கும்போது மணி நாலே கால். இம்முறை யாருக்கும் எதுவும் தவறவில்லை. டீச்சர் பாடிய அந்த ஒன்பது வரியும் நடுக்கமில்லாமல் வந்தது. கடைசி நீண்ட கீபோர்டு ஒலி தேய்ந்து அடங்கியதும், கணவர் குச்சிகளைத் தூக்கிக் காட்டினார். கிடார்காரர் உட்கார்ந்த இடத்திலேயே மல்லாந்து படுத்துவிட்டார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு கிடார்காரர் எழுந்து கிடாரைப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தார்.

நான் நோட்டைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் பெருக்கல் குறி இரண்டாவது இடத்தில் இல்லை. மூன்றாவது இடத்தில் இருந்தது. கிடார் அங்கே இரண்டாவது சுற்றை முழுதாக வாசித்துவிட்டு, மூன்றாவதைக் குறைத்திருக்கிறது. எங்கே குறைத்தாலும் குறைந்தது இரண்டு அடிதான், அதனால் டிரம்ஸோடு சேர வேண்டிய இடத்தில் சரியாகச் சேர்ந்துவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே. மூன்று பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரம் ஆகிறது. நோட்டை மடித்துக் கொடுத்துவிட்டுக் கீழே போயிருக்கலாம். குறி அதில் இருக்கிறது, என் வேலை முடிந்தது. ஆனால் இந்தக் குறியைப் பார்த்து நாளைக்கு மாற்ற ஆள் கிடையாது. கிடாருக்கு நாளை இல்லை. இன்று சொன்னால் உண்டு.

"ஒரு எடம்," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "ஒரு எடம் இருக்குதுங்க. மூணாவது வரிசையில. மண்ணு லேட்டா சரிஞ்சுது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சர் லேப்டாப்பில் அந்த இடத்தை ஓடவிட்டார். மூன்று பேரும் விரல்விட்டு எண்ணினார்கள்.

"ஆமா," என்றார் கிடார்காரர். "ரெண்டுல விட்டுட்டேன். மூணுல புடிச்சிருக்கேன்."

"கூட்டிப் பாத்தா சரியாத்தான வருது? விடுங்கண்ணா," என்றார் கணவர். "யாருக்குக் கேக்கப் போவுது?"

"அண்ணனுக்குக் கேட்டுச்சே," என்றார் டீச்சர். "விட சரி, வழி தப்பு. நான் மார்க் போட மாட்டேன்."

"அவனுக்கு பஸ்ஸும்மா."

மணி நாலு ஐம்பது. கிடார்காரர் பெட்டியையும் கடிகாரத்தையும் பார்த்தார். பெட்டியைத் திறந்து கிடாரை மறுபடி எடுத்தார்.

"அஞ்சே முக்காலுக்குத்தான பஸ்ஸு. ஆனா அந்த எடத்துல எனக்கு மூளை வேல செய்யாது. அண்ணா, நீங்க என் முன்னாடி நின்னு கையக் காட்டுங்க. எங்க சரியணுமோ அங்க கையக் கீழ போடுங்க, போதும்."

நாலு பேர் முன்னால் நிற்பது என்றாலே ஓடிவிடுகிற ஆள் நான். ஆனால் பதில் சொல்லவே நேரமில்லை. டீச்சர் கீபோர்டில் அந்தக் கூட்டத்தின் ஹம்மிங்கைத் தொடங்கிவிட்டார். நான் முக்காலியைவிட்டு எழுந்து, கிடாருக்கு எதிரே போய் நின்றேன்.

அந்த இருபத்திரண்டு நிமிடத்தை எப்படிச் சொல்ல? கீழே இருந்து கேட்டதெல்லாம் சுவர் வடிகட்டிய மிச்சம். உள்ளே நின்றால் பெரிய டிரம்மின் அடி நெஞ்செலும்பில் விழுகிறது. காடு வளர்ந்தது. மழை பெய்தது. டிரம்ஸின் தகடுகளில் குச்சி நுனியால் பெய்த மழை. அந்தத் துளிர் மெட்டு மரமாகி, மரங்களாகி, அறை முழுக்க நின்றது. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. சன்னமான புல்லாங்குழல் ஒலி மட்டும் தனியாக எதையோ தேடியது. பிறகு ஏழு.

கையைத் தூக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலாவதில் கையைப் போட்டேன். சரிந்தது. அடுத்தது மூன்றில் போட்டேன். சரிந்தது. கிடாரும் டிரம்ஸும் டப்பென்று சேர்ந்தன. அடுத்தது இரண்டு. கிடார்காரர் என் கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. என் கை விழுந்தபோது அவருடைய தோளும் சேர்ந்து விழுந்தது. சரிந்தது. கடைசி வரிசை, எடுத்த எடுப்பில், முதல் சுற்றிலேயே. என் கை விழுவதும், மண் முழுக்க இறங்கி அதற்குள்ளிருந்து கருப்பாக ஒன்று வெளியே தெரிவதும் ஒன்றாக நடந்தன. அந்த இடத்தில் என் வாய் சிரித்துக்கொண்டிருந்தது என்று டீச்சர் பிறகு சொன்னார். எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் நெருப்பு. பிறகு வேகம் குறைந்து குறைந்து, பெரிய யந்திரம் ஒன்று நிற்பதற்கு முன் கடைசியாகச் சுற்றுவதுபோல டிரம்ஸ் நின்றது. கீபோர்டின் ஒற்றை ஒலி மட்டும் விளக்குபோல நின்று எரிந்தது. அது தேய்ந்து முடிகிற வரைக்கும் நாலு பேரும் மூச்சு விடவில்லை.

டீச்சர் பதிவை நிறுத்திவிட்டு என்னைத்தான் பார்த்தார். மற்ற இருவரும் பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்லிங்க," என்றேன். "ஒரு குறியும் இல்ல."

கணவர் என்னைத் தூக்கப் பார்த்தார். நான் விலகிக்கொண்டேன். மணி ஐந்து இருபத்தைந்து. என் வண்டியில் கிடார்காரரைப் பின்னால் ஏற்றி, துணிப்பையை முன்னால் வைத்துக்கொண்டு வடலூருக்குப் பறந்தேன். அவ்வளவு வேகமாக நான் எப்போதும் ஓட்டியதில்லை. வழியெல்லாம் அவர் என் முதுகில் விரலால் ஏழு ஏழாகத் தட்டிக்கொண்டே வந்தார். பஸ் புறப்பட்டு நகர ஆரம்பித்திருந்தது. நான் குறுக்கே வண்டியை நிறுத்திக் கையைத் தூக்கினேன். கண்டக்டர் இறங்கிவந்து என்னைத் திட்டுவதற்குள் அவர் கிடாரோடு ஏறிவிட்டார். ஜன்னலில் தலையை நீட்டி, "நெசமாவே ஒண்ணும் இல்லியாண்ணா?" என்று கேட்டார்.

"இல்லவே இல்ல," என்று பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி கத்தினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது மாடியிலிருந்து பாட்டு கேட்டது. டீச்சர் முழுதாக ஓடவிட்டிருந்தார். என் மனைவி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெங்காயம், அதை உரிக்கவில்லை. நான் வண்டியை நிறுத்திவிட்டு, "பஸ்ஸ புடிச்சாச்சு. குறுக்கால வுட்டு நிறுத்தனேன்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"செத்த சும்மா இருங்க. மண்ணு சரியிற எடம் வந்துகினு இருக்குது."

நான் அவளுக்குக் கீழே இருந்த படியில் உட்கார்ந்தேன். அவள் முழங்கால்மேல் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வரிசையில், இரண்டாவது சுற்றில், எனக்கு ஒரு கணம் முன்பாகவே விரலை மடக்கினாள்.